பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள்

எங்கள் காரைப் பின்னாலிருந்து இன்னொரு கார் மோதிய சத்தத்தைவிட எனக்கு நினைவில் நிற்பது தேங்காய்கள்தான். விழுப்புரத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணம் முடிந்து தாம்பரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான்கு தாம்பூலப் பைகளைப் பின் கண்ணாடியை ஒட்டிய பலகைமேல் வரிசையாக வைத்திருந்தோம். 2023, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். எல்லாம் அடங்கியபோது ஒரு தேங்காய் என் காலடியில், பிரேக் மிதிக்கு அருகே கிடந்தது. அது இரண்டு விநாடி முன்னதாக அங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். பின் பலகையில் இன்று ஒரு கைக்குட்டைகூட வைப்பதில்லை.

இடம், அச்சிறுபாக்கம் தாண்டி மேல்மருவத்தூருக்கு முன்னால். சாலையின் எண்ணை அரசு மாற்றிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நாங்கள் இன்னும் 'நாற்பத்தைந்து' என்றுதான் சொல்கிறோம். நாற்கரச் சாலை, நடுவில் அரளிச் செடிகள், ஊருக்கு ஊர் செடிகளை விலக்கி ஒரு இடைவெளி. அப்படியொரு இடைவெளியில் புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. நான் வலப்பக்கத் தடத்தில் எண்பத்தைந்தில் வந்துகொண்டிருந்தேன். மொபெட்காரர் நிற்பார் என்று நினைத்தேன், நிற்கவில்லை. பிரேக் பிடித்தேன். டயர் தேயும் அளவுக்கு இல்லை, ஆனால் நன்றாகவே பிடித்தேன். வேகம் இருபதுக்கு வந்தபோது மொபெட் என் முன்னால் கடந்து போயிற்று. அப்போதுதான் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கார் பெரிதாகிக்கொண்டே வந்தது.

பிரேக் பிடிக்கும் வண்டி மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தும். அந்த வண்டியின் மூக்கு தாழவே இல்லை. ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கவில்லை என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பயன்? இடப்பக்கத் தடத்தில் ஒரு பஸ். ஒதுங்க வழியில்லை.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். கைபேசியை இரண்டு விநாடி பார்த்தால் 50 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாகக் கணக்கு. இந்தக் கணக்கை விபத்துக்கு முன்பே பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் அந்த 50 மீட்டரின் மறுமுனையில் என் வண்டி நிற்கும் என்று நினைத்துப் படித்ததில்லை.

மோதியதும் எங்கள் கார் இரண்டு வண்டி நீளத்துக்கு முன்னால் தள்ளப்பட்டது. மொபெட் அரை விநாடி தாமதித்திருந்தால் என் காருக்கு அடியில் இருந்திருக்கும். பின் கண்ணாடி முழுவதும் சிறு சிறு மணிகளாக உதிர்ந்து அம்மாவின் பட்டுப் புடவைமேல் கொட்டியது. மனைவி முன்னால், மகளும் அம்மாவும் பின்னால். மகள் பெல்ட் போட்டிருந்தாள். அம்மா போடவில்லை. "புடவை கசங்குகிறது, பின்னால் உட்காருகிறவர்களுக்கு எதற்கு?" என்று கேட்டார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். பின் இருக்கைக்கும் பெல்ட் கட்டாயம் என்பது எனக்குத் தெரியும். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் பால்கர் அருகே இறந்தபோது, அவர் பின் இருக்கையில் பெல்ட் இல்லாமல் இருந்ததைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பெரிதாகப் பேசியவன் நான். பெற்ற தாயிடம் கண்டிப்பாகச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

பின்னாலிருந்து மோதும்போது உடம்பு முதலில் இருக்கையோடு பின்னால் அழுந்தும், பிறகுதான் முன்னால் எறியப்படும். அந்த முதல் அழுத்தத்தில் தலையைத் தாங்க வேண்டியது இருக்கைக்கு மேலே இருக்கும் தலையணை, அதாவது ஹெட்ரெஸ்ட். எங்கள் காரின் பின் இருக்கையில் அதை முழுவதும் கீழே இறக்கி வைத்திருந்தேன். கண்ணாடியில் பின்சாலையை மறைக்கிறது என்று. அம்மாவின் கழுத்து அதன் விளிம்பில் மடங்கியது. பிறகு முகம் முன் இருக்கையின் முதுகில் போய் மோதியது. மேலுதடு கிழிந்து, முன்பல் ஒன்று ஆடியது. ஹெட்ரெஸ்ட்டின் உச்சி நம் தலை உச்சிக்குச் சமமாக இருக்க வேண்டும், தலைக்கும் அதற்கும் இடையே இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. நாலரை வருடம் அந்த வண்டியை ஓட்டியவன், அந்தப் பொத்தானை அழுத்தி மேலே தூக்கியது விபத்துக்குப் பிறகுதான்.

அடுத்த பத்து நிமிடங்களில் நான் செய்தவற்றில் பாதி தவறு. வண்டி ஓடும் நிலையில் இருந்தது. அதை உடனே இடப்புற ஓரத்துக்கு நகர்த்தியிருக்க வேண்டும். நானோ, "வண்டியை நகர்த்தினால் யார் தவறு என்று எப்படித் தெரியும்?" என்று வலப்பக்கத் தடத்திலேயே நிறுத்திவிட்டு இறங்கிக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் தம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்து திட்டினார். அந்தத் திட்டை இங்கே எழுத முடியாது. அதன் சாரம், ஒரு இடியில் பிழைத்தவன் அடுத்த இடிக்கு ஏன் காத்திருக்கிறாய் என்பது. அவர் சொன்னது சத்தியம். எங்களுடைய முதல் மோதலில் நசுங்கியது பெரும்பாலும் தகடுதான். நின்ற வண்டியைச் சுற்றி ஆட்கள் நிற்கும்போது வருகிற இரண்டாவது மோதலில் உயிரே போகலாம்.

அவர் வேப்பங்கிளையை ஒடித்து, நூறடிக்குப் பின்னால் சாலையில் போட்டார். என் டிக்கியில் சிவப்பு முக்கோணம் இருந்தது, காரோடு கொடுத்தது; ஆனால் டிக்கி திறக்கவில்லை. பின்னாலிருந்து மோதினால் டிக்கிதான் முதலில் மாட்டிக்கொள்ளும் என்ற எளிய விஷயம் அந்த முக்கோணத்தை அங்கே வைத்த எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது அது முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. கிளை போடுவது நம் ஊரின் நல்ல வழக்கம்தான். ஆனால் வண்டி நகர்ந்த பிறகு அதை எடுத்துவிட வேண்டும். லாரிக்காரர் தாமே எடுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார். பெயர் சொல்ல மறுத்துவிட்டார், போலீஸ் விவகாரம் வேண்டாமாம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134-ஏ பிரிவு, விபத்தில் உதவி செய்கிறவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி கொடுக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அது எனக்கும் அன்று தெரியாது, அவருக்கும் தெரியாது.

சரியான முறை இதுதான்: நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து எரியும் பொத்தானை அழுத்துவது, வண்டி உருளும் என்றால் இடது ஓரத்துக்குக் கொண்டுபோவது, எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நிற்பது, பெட்ரோல் வாடை வருகிறதா என்று பார்ப்பது, பிறகு போன். 108 எல்லோருக்கும் தெரியும். தேசிய நெடுஞ்சாலைகளுக்கென்றே 1033 என்ற எண் இருக்கிறது. அதில் அழைத்தால் சுங்கச்சாவடியோடு சேர்ந்த ரோந்து வண்டியும் கிரேனும் வரும். சுங்கக் கட்டணத்தைத் திட்டிக்கொண்டே கட்டுகிற நம்மில் பலருக்கு அந்தக் கட்டணத்தில் இதுவும் அடக்கம் என்பது தெரியாது. எனக்கு லாரிக்காரர்தான் சொன்னார்.

இனி மோதியவர். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இளைஞர். அவருடைய காரின் முன்புறம் நொறுங்கிப் புகை வந்துகொண்டிருந்தது, காற்றுப் பை விரிந்திருந்தது. அவருக்குக் காயம் இல்லை. (எங்கள் காரின் காற்றுப் பை விரியவில்லை. "கம்பெனிமேல் வழக்குப் போடுங்கள்" என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். முன் காற்றுப் பைகள் முன்பக்க மோதலுக்கானவை. பின்னால் இடித்தால் பொதுவாக விரியாது.) கைகள் நடுங்க, "சார், மேப்பில் திருப்பத்தைப் பார்த்தேன், ஒரு செகண்ட்தான் சார்" என்றார். அவர்மேல் எனக்கு அந்த நேரத்தில் கோபமே வரவில்லை. என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் இருவர் பஞ்சாயத்துப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். "தம்பி ஒத்துக்கொள்கிறார், நீங்களும் படித்தவர், ஸ்டேஷன், கோர்ட் என்று அலைவானேன்? பேசி முடித்துக்கொள்ளுங்கள்." இளைஞர் பத்தாயிரம் ரூபாய் உடனே அனுப்புவதாகச் சொன்னார். காரைச் சுற்றி வந்து பார்த்தேன். பம்பர், கண்ணாடி, ஒரு விளக்கு, கோணிய டிக்கிக் கதவு. அம்மாவுக்கு உதட்டில் ரத்தம், பயப்படும்படி ஒன்றுமில்லை என்றுதான் தோன்றியது. பன்னிரண்டாயிரம் கேட்கலாமா என்று மனம் கணக்குப் போட்டது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் சம்மதித்தே விட்டேன். கைபேசியை எடுத்துப் பணம் வாங்கும் குறியீட்டைத் திறந்தும்விட்டேன்.

தடுத்தது மனைவி. அவள் சட்டம் எதுவும் பேசவில்லை. "அத்தைக்குத் தையல் போட வேண்டியிருக்கும். முதலில் ஆஸ்பத்திரி. பணத்தை அவரே வைத்திருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். பெரியவர்களுக்கு வருத்தம்.

சாலையோரப் பேச்சில் குறை அந்தப் பெரியவர்களிடமோ இளைஞரிடமோ இல்லை. அந்த நேரத்தில் உடம்பும் வண்டியும் தங்கள் சேதத்தை இன்னும் சொல்லியிருக்காது என்பதுதான் சிக்கல். விலை தெரியாத பொருளுக்கு விலை பேசுகிறோம். என் கழுத்து அன்று மாலை வரை நன்றாக இருந்தது. மறுநாள் காலை கொஞ்சம் இறுக்கம். மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கக் குனிந்தவன் நிமிர முடியாமல் மனைவியைக் கூப்பிட்டேன். சவுக்கு வீச்சுப் போலத் தலை முன்னும் பின்னும் ஆடும்போது கழுத்துத் தசைகளும் நாண்களும் இழுபடுகின்றன. வலி ஒருநாள், இருநாள் கழித்து வருவது வழக்கம்தான் என்றார் மருத்துவர். கழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் படுக்காமல், மெல்லக் கழுத்தை அசைத்துப் பழகச் சொன்னார். கை மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, விடாத தலைவலியும் வாந்தியும் வந்தாலோ உடனே வரச் சொன்னார். எனக்கு ஐந்து வாரத்தில் சரியாயிற்று. அம்மாவுக்கு நான்கு மாதம்.

காரும் அப்படித்தான். பணிமனையில் பம்பரைக் கழற்றிய பிறகுதான் அதற்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம் வளைந்திருப்பதும், டிக்கியின் தரைத் தகடு மடிந்திருப்பதும் தெரிந்தன. மதிப்பீடு 82,000 ரூபாய். நான் பன்னிரண்டாயிரம் கேட்கலாமா என்று தயங்கிய அதே கார்.

அன்று 108 வண்டியில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். அம்மாவுக்கு உதட்டில் நான்கு தையல். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். இந்த 'ஏ.ஆர். நகல்' ஒரு சாதாரணத் தாள் போலத் தோன்றும். பின்னால் போலீஸ், காப்பீட்டு நிறுவனம், நீதிமன்றம் எல்லாம் கேட்பது அதைத்தான். வீட்டுக்குப் போய் மஞ்சள் பற்று போட்டுவிட்டு நான்காம் நாள் மருத்துவரிடம் போனால், காயம் அந்த விபத்தில்தான் ஏற்பட்டது என்று நிரூபிக்க நாம் நாயாய் அலைய வேண்டும். இன்னொன்று: தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் ஏற்கிறது. அதை 2021 டிசம்பரில் தொடங்கியதே மேல்மருவத்தூரில்தான். நாங்கள் மோதப்பட்ட இடத்திலிருந்து கூப்பிடு தூரம். எனக்கு அதுவும் தெரியாது.

காவல் நிலையத்தில் கதை மாறியது. சாலையோரத்தில் "மேப் பார்த்தேன்" என்றவர், இரண்டு நாள் கழித்துத் தந்தையோடு வந்தபோது, "முன்னால் போனவர் திடீரென்று பிரேக் போட்டார்" என்றார். யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நான் ஆடிப்போய்விட்டேன். பின்னால் வந்தவர்தான் எப்போதும் தவறு செய்தவர் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். சட்டம் அவ்வளவு எளிதாக முடித்துக்கொள்வதில்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கோவையில் நடந்த ஒரு விபத்து வழக்கில், நெடுஞ்சாலையில் எச்சரிக்கை இல்லாமல் திடீரென்று காரை நிறுத்தியவர்மேல் பாதிப் பொறுப்பைச் சுமத்தியது. மனைவிக்குக் குமட்டல், அதனால் நிறுத்தினேன் என்று அவர் சொன்ன காரணம் ஏற்கப்படவில்லை. அந்த வழக்கில் போதிய தூரம் விடாமல் பின்னால் வந்த இளைஞருக்கும் தீர்ப்பில் ஒரு பங்கு பொறுப்பு உண்டு. அந்தத் தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்த காலையில் என் காபி ஆறிப்போயிற்று. எனக்கு முன்னால் மொபெட் இருந்தது. ஆனால் அது இருந்ததற்கு என்னிடம் சாட்சி? படம் எடுத்தேன் என்றேனே, எல்லாம் நசுங்கிய தகட்டின் படங்கள். மொபெட், புல்லுக்கட்டு, அந்த இடைவெளி, ஒன்றும் இல்லை.

காப்பாற்றியது எங்களை மோதிய இளைஞரின் நல்ல மனசுதான். விபத்து நடந்த இரவு அவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: அம்மா எப்படி இருக்கிறார், போனைப் பார்த்தது என் தவறு, மன்னியுங்கள் என்று. அதை அவர் தந்தைக்கு எதிரிலேயே ஆய்வாளரிடம் காட்டினேன். தந்தை மகனைப் பார்த்த பார்வை இன்னும் கண்முன் நிற்கிறது. அதற்குப் பிறகு பிரேக் பேச்சு எழவில்லை. இப்போது காரில் முன்னும் பின்னும் கேமரா இருக்கிறது. வேகம் குறைக்கும்போது பிரேக்கை ஒரேயடியாக அழுத்தாமல் முன்கூட்டியே இரண்டு மூன்று முறை தொட்டு விளக்கைக் காட்டுகிறேன், உடனே இண்டிகேட்டர் பொத்தானையும் அழுத்திவிடுகிறேன்.

காயம் இருந்ததால் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அப்படிப் போட்டால் மோட்டார் வாகன ஆய்வாளர் இரண்டு வண்டிகளையும் பார்வையிட்ட பிறகுதான் பழுதுபார்க்க முடியும். சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயரும் கழற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு டிங்கரிங் தொடங்கினால் பணம் போயிற்று. எதிர்த்தரப்பு வண்டிக்குக் காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்பதை எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டே பார்த்துக்கொள்ளலாம்.

தவறு அவருடையது, ஆனால் பணம் முதலில் என் பாலிசியிலிருந்துதான் வந்தது. நடைமுறையில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மோதியவருடைய காப்பீட்டிடம் சேதத்தைக் கேட்பதென்றால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், காலம் பிடிக்கும். 82,000-ல் 22,000 ரூபாய் என் தலையில் விழுந்தது. தேய்மானம் என்று பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் கொடுப்பார்கள், நான்கு வயது தாண்டிய வண்டியின் இரும்புப் பாகங்களுக்கு நூற்றுக்கு 35 கழிப்பார்கள், நம் பங்காகக் கட்டாயம் கழிக்கும் ஆயிரம் தனி. தேய்மானக் கழிவில்லாத பாலிசியை, வருடம் சில ஆயிரம் மிச்சம் என்று நான் இரண்டு ஆண்டுக்கு முன் கைவிட்டிருந்தேன். போதாக்குறைக்கு, காப்பீட்டுக் கோரிக்கை இல்லாமல் நான்கு ஆண்டு சேர்த்த 45 சதவீதப் பிரீமியத் தள்ளுபடி அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யமானது. பின்னால் இடிபட்டவனுக்கு இது என்ன நியாயம் என்று முகவரிடம் சண்டை போட்டேன். தள்ளுபடி கோரிக்கை இல்லாததற்கு, தவறு இல்லாததற்கு அல்ல என்றார். வார்த்தைக்கு வார்த்தை சரியான பதில், அதனாலேயே எரிச்சல்.

கணக்கெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் இளைஞரின் தந்தையிடம் பேசினேன். காப்பீடு ஏற்காத 22,000-ஐ மட்டும் கேட்டேன். பில்லின் நகலை அனுப்பினேன். இருபதாயிரம் வங்கி வழியாக அனுப்பினார். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார், மறுத்தேன். காப்பீட்டு நிறுவனம் எனக்குக் கொடுத்ததை மோதியவர் பக்கம் திரும்ப வசூலிக்கும் உரிமை உடையது. நான் ஊருக்குப் பெரியவனாக அப்படிக் கையெழுத்திட்டால் அந்த உரிமையைக் கெடுத்தவன் ஆவேன். எந்தச் செலவுக்கு எவ்வளவு பெற்றேன் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அம்மாவின் பல்லுக்கும் கழுத்துக்கும் தனியாகத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தோம். 2019 திருத்தத்தின்படி அதற்கு ஆறு மாதக் கெடு. ஐந்தாம் மாதம் விழித்துக்கொண்டு ஓடினோம்.

அம்மா இப்போது உள்ளூர்க் கடைக்குப் போனாலும் பெல்ட் போடுகிறார். பட்டுப் புடவை உடுத்தும் நாள்களில் பெல்ட்டுக்கும் புடவைக்கும் இடையே ஒரு பருத்தித் துண்டு.

போன மாதம் அதே வழியாக விழுப்புரம் போனோம். அந்த இடைவெளியைக் கான்கிரீட் கட்டைகள் வைத்து அடைத்திருந்தார்கள். முப்பதடி தள்ளி, அரளிச் செடிகளை மிதித்துப் புதிதாக ஒரு வழி உண்டாகியிருந்தது. அதில் ஒரு மொபெட், புல்லுக்கட்டோடு, காத்துக்கொண்டு நின்றது.